கேட்டு ரூம் டெலிபோன்

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். திருவொற்றியூரில் ஒரு பாய்லர் பட்டறையில் எனக்கு வேலை. குடியிருப்பு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால். காலையில் சைக்கிளை மிதித்தால் காசிமேடு, தண்டையார்பேட்டை தாண்டி, சங்கு ஊதுவதற்குள் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். கப்பல் பாய்லர், மில் பாய்லர், எப்போதாவது பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து வரும் பெரிய உருளைகள் எல்லாம் அங்கே பழுது பார்க்க வரும்.

என் வேலை பாய்லருக்கு உள்ளே. இரும்புத் தகடுகளைச் சேர்க்க ரிவிட்டு அடிப்பார்கள். சிவக்கக் காய்ந்த ரிவிட்டை ஓட்டையில் நுழைத்ததும் உள்ளே உட்கார்ந்திருப்பவன் அதன் தலையைக் கனமான இரும்புக் கட்டையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். வெளியே நிற்பவர் மறுமுனையைச் சம்மட்டியால் அடித்து மழுக்குவார். பன்னிரண்டு வருடம் நான் உள்ளே, பாய் வெளியே. தண்டையார்பேட்டைக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர். பட்டறையில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அடிக்கிற அடி எனக்குத் தெரியும், நான் பிடிக்கிற பிடி அவருக்குத் தெரியும். இடையில் அரை அங்குல இரும்பு.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் எப்படியோ அப்படி. காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். பஞ்சு என்ன செய்யும்?

காது ஒரே நாளில் போகவில்லை. மாதா கோயில் பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது அடிக்கும் சின்ன மணி முதலில் நின்றது. கோபுரத்துப் பெரிய மணி கேட்டது; சின்ன மணி கேட்கவில்லை. மற்றவர்கள் தலை குனிவதைப் பார்த்து நானும் குனிவேன். பிறகு பேச்சு போக ஆரம்பித்தது. குரல் கேட்கும், வார்த்தை கேட்காது. ‘தண்ணி’ என்று என் மனைவி சொன்னால் எனக்கு ‘அ... இ...’ என்று விழும். பள்ளிக்கூடத்தில் படித்த உயிரெழுத்தெல்லாம் காதில் தங்கிவிட்டது, மெய்யெழுத்து போய்விட்டது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். அதனால் காது கொஞ்சம் மந்தம் என்பதற்கு மேல் வெளியே யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் தகடு நழுவி விழுந்து இடது கையில் இரண்டு விரல் நசுங்கியது. ஆறியதும் போர்மேன் கூப்பிட்டார்.

“இனிமே உள்ள குந்திப் புடிக்க உன்னால ஆவாது. கேட்டு ரூம்ல குந்து. லாரி வந்தா கதவத் தொற, போன் வந்தா எடு. சொகமான வேல.”

அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். போன் மட்டும் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். காது போனவன், விரல் போனவன் என்று இரண்டும் சேர்ந்தால் பட்டறையில் எனக்கு எந்த இடமும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி அடுப்பிலிருந்து எழுந்து என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

“போனா? உனுக்கா? பக்கத்துல நின்னு கத்துனாலே மூணு தபா சொல்ல வேண்டிகீது.”

“நீ சும்மா கெட. கைக்கட்டோட ஒரு மாசம் வூட்ல இருந்ததுல காது தெளிஞ்சிடுச்சுன்னு எல்லாராண்டயும் சொல்லிகீறேன்.”

“சேசுவே,” என்றாள். அடுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

டெலிபோன் ஒரு பலகையில் அறைந்த கறுப்புப் பெட்டி. பக்கத்தில் கைப்பிடி, மேலே மணி. மணி அடிப்பதும் எனக்குச் சரியாகக் கேட்காது. அதனால் முதுகு அந்தப் பலகையில் படும்படி ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். மணி அடித்தால் முதுகில் நடுக்கம் தெரியும். உடனே எடுத்துவிடுவேன். ‘கேட்டுல புதுசா வந்தவன் சுறுசுறுப்பு’ என்று பெயர் வந்தது.

எடுத்த பிறகுதான் கஷ்டம். முகம் கிடையாது, உதடு கிடையாது. காதில் ஆவும் ஓவும் ஊவும் மட்டும். ஒரு வழி கண்டுபிடித்தேன். கேட்டுக்கு வரும் போன் பெரும்பாலும் மூன்று பேருக்குத்தான்: மேஸ்திரிக்கு, ஸ்டோர் குமாஸ்தாவுக்கு, இல்லையென்றால் லாரி விஷயம். அவர்கள் பேச ஆரம்பித்ததும் நானே கேட்பேன். “மேஸ்திரியா?” ‘ஆமா’ என்றால் இழுத்த சத்தம். ‘இல்ல’ என்றால் வெட்டினாற்போல இரண்டு சின்னச் சத்தம். “ஸ்டோரா?” இழுத்த சத்தம். “இருங்க, கூப்பிடறேன்.” இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினேன். மழைக்காலத்தில் போனில் இரைச்சல் அதிகமாகி அந்த ஆமா இல்லையும் பிடிபடாமல் போனது. பயந்துபோய், போன் சரியில்லை என்று நானே ஆபீசில் சொல்லிவிட்டேன்.

பழுது பார்க்க ஒருவன் வந்தான். என்னைவிடச் சின்ன வயது, தோளில் தோல் பை.

“இன்னா நைனா கம்ப்ளைண்டு?”

“சரியா கேக்கல.”

கைப்பிடியைச் சுற்றி எக்ஸ்சேஞ்சில் யாருடனோ பேசினான். சிரித்தான். “கணீர்னு கேக்குதே,” என்று காதுக்குழலை என்னிடம் நீட்டினான். நான் வைத்துக்கொண்டேன். ‘ஊ... ஆ... ஆ...’ அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டு வாய்ப்பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினான்.

உள்ளே மெல்லிய வட்டத் தகடு. அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் கரித்துகள். நாம் பேசும்போது காற்று அந்தத் தகட்டில் மோதி அதை நடுங்க வைக்கிறது. தகடு உள்ளே போனால் கரித்துகள் நெருங்கும், மின்சாரம் அதிகம் ஓடும். தகடு பின்வாங்கினால் துகள் தளரும், மின்சாரம் குறையும். அந்தப் பக்கத்துக் காதுக்குழலில் ஒரு காந்தம், அதைச் சுற்றிக் கம்பிச்சுருள், முன்னால் இன்னொரு தகடு. மின்சாரம் ஏறி இறங்க, காந்தத்தின் இழுப்பும் ஏறி இறங்கும். தகடு அதே மாதிரி நடுங்கும். அவ்வளவுதான் டெலிபோன். அவன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

“அப்ப சத்தம் கம்பி வழியா போவாதா?” என்று கேட்டேன். கம்பி குழாய் மாதிரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“சத்தம் எங்க போவுது? அது இந்தத் தகட்டோட சரி. கம்பியில போறது கரண்டு. அந்தாண்ட இருக்கிற தகடு ஆடி, புதுசா ஒரு சத்தம் போடுது. உன் சத்தம் மாதிரியே இருக்கும், ஆனா உன்து இல்ல.”

பிறகு மூடியை மாட்டிவிட்டு, காதுக்குழலின் மூடியைக் கழற்றி என் சுட்டுவிரல் நகத்தைத் தகட்டின் மேல் மெல்ல வைக்கச் சொன்னான். எக்ஸ்சேஞ்சில் இருந்தவளை ஒன்று இரண்டு எண்ணச் சொன்னான். நகத்தின் அடியில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக வந்து நின்றது. இரும்பு சரியாகத்தான் பேசியது. அந்த நடுக்கத்தை வார்த்தையாக மாற்றுகிற ஏதோ ஒன்றுதான் என் தலைக்குள் இல்லாமல் போயிருந்தது.

“போன் நல்லாத்தான் கீது நைனா,” என்றான், நான் உதட்டைப் பார்க்கும்படி நிதானமாக. “டாக்டராண்ட காட்டுனியா?”

“காட்டுனேன். போனது போனதுதான்னுட்டாரு.”

காதுக்குழலைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்துப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவன் பெட்டியை மூடி, அட்டையில் எழுதினான். “எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காத்து கம்பியெல்லாம் அரிக்குது. அத்தையே எழுதிட்டேன். நா யாராண்டயும் சொல்ல மாட்டேன்.” அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையை எழுதியிருக்கக்கூடாதா என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு காலையில் பாய் தாமதமாக வந்தார். சங்கு ஊதி அரைமணி ஆகிவிட்டது. சின்னக் கதவைத் திறந்து விட்டேன். வேர்த்து வடிய உள்ளே வந்தவர், சுவர்ப்பக்கம் திரும்பி, தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை ஆணியில் மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். அவர் முதுகு அசைவதைப் பார்த்தேன். கேட்டைத் திறந்து விட்டதற்கு ஏதோ சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு ஓடினார். அன்று ஒரு கப்பல் பாய்லரை முடித்துக் கொடுக்க வேண்டிய நாள்.

பதினொரு மணிவாக்கில் முதுகில் பலகை நடுங்கியது. எடுத்தேன். பெண் குரல். பெண் குரல் எனக்கு இன்னும் மோசம். கொசு பாடுவதுபோல இருக்கும். அவசரமாகப் பேசினாள்.

“மேஸ்திரியா?”

வெட்டினாற்போலச் சத்தம்.

“ஸ்டோரா?”

அதே சத்தம்.

“லாரியா?”

இந்தத் தடவை அவள் நீளமாக என்னவோ சொன்னாள். நிறுத்தினாள். திரும்பவும் அதையே சொன்னாள் என்று நினைக்கிறேன். வெளியே துறைமுகத்திலிருந்து தகடு ஏற்றி வந்த லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கையை வெளியே விட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். ஸ்டோர் ஜன்னல் கேட்டு ரூமிலிருந்து இருபது அடி. குமாஸ்தாவை ஒரு குரல் கூப்பிட்டு, ‘இத்தக் கொஞ்சம் கேளு’ என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று கேட்பான், பார்ப்பான், தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

“சரிங்கம்மா, சொல்லிடறேன்,” என்றேன். வைத்துவிட்டேன்.

முக்கியமாக இருந்தால் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். லாரிக்குக் கதவைத் திறந்துவிட்டு வந்து, மத்தியானம்வரை பலகையை விட்டு முதுகை எடுக்கவில்லை. அது நடுங்கவே இல்லை.

நாலு மணிக்குப் பாயின் மச்சான் சைக்கிளில் வந்தான். முகத்தைப் பார்த்ததும் பாயைக் கூப்பிட்டு அனுப்பினேன். இருவரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவன் பேசுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ‘போன்’ என்று அவன் உதடு மூடித் திறந்தது தெரிந்தது. பாய் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தார். சட்டையைக்கூட எடுக்காமல் மச்சானின் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஸ்டோர் குமாஸ்தா என் எதிரில் வந்து நின்று சொன்னான். “பாய் சம்சாரம் போயிட்டாங்களாம்யா. பிரசவத்துல. புள்ள மட்டும் பொழச்சிகீது. காலைல ஆஸ்பத்திரியிலேர்ந்து இங்க போன் பண்ணாங்களாம். யாரோ சரின்னாங்களாம். நீதான இருந்தே?”

“தெரியல,” என்றேன். “நா லாரியாண்ட இருந்தேன்.”

பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று பாய் என்னிடம் சொல்லியிருந்தார். அன்று விடியற்காலையிலேயே வலி கண்டிருக்கிறது. ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் ஆகும், ஆண்கள் இங்கே நிற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியாரை அங்கே விட்டுவிட்டு, பட்டறை கேட்டின் போன் நம்பரை நர்சிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறார். ‘நம்ம தோஸ்துதான் போனாண்ட கீறாரு, உடனே கூப்பிட்டுடுவாரு’ என்று மாமியாரிடம் சொன்னாராம். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று என்னிடம் சொன்னதும் அதுதான்.

பத்தரைக்கு மேல் ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், புருஷனை வரச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்கள். நர்ஸ் போன் செய்தாள். சரி என்று பதில் வந்தது. அந்தச் சரியை நம்பிப் பாயின் மாமியார் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தன் மகனுக்கு, அந்த மச்சானுக்கு, ஆள்கூட அனுப்பவில்லை. ஒரு மணிக்கு மேல்தான் அனுப்பினார்கள். யாருமே போனை எடுக்காமல் இருந்திருந்தால் பதினொரு மணிக்கே அவனுக்கு ஆள் போயிருக்கும்.

என் மனைவியிடம் அன்று மாலையே சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. “பாயாண்ட போய்ச் சொல்லு. நீயே சொல்லு,” என்றாள்.

எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இறந்தவருக்காக மூன்றாம் நாள் ஓதும் பாத்திஹாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அவளும் வந்தாள். பாய் வீட்டு வாசலில், சந்தில் கோரைப்பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யாரும் கேட்காதபடி, அவர் காதருகே குனிந்து சொன்னேன்.

அவர் கையைக் காதில் குவித்தார். “இன்னா?”

மறுபடி சொன்னேன்.

“சத்தமா சொல்லு மாமு. கேக்கல.”

பன்னிரண்டு வருடம் அந்த இரும்பின் வெளிப்பக்கம் நின்று அடித்தவர் அவர். அவர் காதும் அப்படித்தான் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. மெதுவாகப் பேச எங்கள் இருவராலும் முடியாது. நான் கத்தினேன்.

“போன எடுத்தது நான்தான் பாய்! எனக்குக் கேக்கல! கேக்காமலே சரின்னுட்டேன்!”

சந்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. வாசற்படியில் அவர் மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

“போன்ல அந்தம்மா இன்னா சொன்னாங்கோ?” என்று கேட்டார்.

“தெரியல பாய்.”

“ஒரு வார்த்த கூடவா?”

“ஆ, ஓன்னுதான் கேட்டுச்சு.”

“காது தெளிஞ்சிடுச்சுன்னியே மாமு,” என்றார். மச்சான் எழுந்து வந்து, நான் போகலாம் என்று கையைக் காட்டினான். என் மனைவி என் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிவந்தாள்.

அவர் கேட்ட அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. ஒரு வாரம் கழித்து மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அன்று போன் செய்த நர்சை விசாரித்துக் கண்டுபிடித்தேன். நடுத்தர வயதுப் பெண். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“தினம் நாலு பேருக்குப் பேசறோம், ஞாபகம் இருக்குமா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து யோசித்தாள். “எல்லாருக்கும் சொல்றதுதான். ரொம்ப ரத்தம் போகுது, உடனே வரச் சொல்லுங்கன்னு சொல்லியிருப்பேன்.”

“வந்திருந்தா பொழச்சிருப்பாங்களா?”

“சொல்ல முடியாதுங்க. ரத்தம் சேரணும், நேரம் இருக்கணும். சொல்ல முடியாது.” உள்ளே யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. போய்விட்டாள்.

அதைப் பாயிடம் போய்ச் சொன்னேன், பட்டறையில், சாப்பாட்டு நேரத்தில். அவர் உலைக்கரிக் குவியல் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். என் உதட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். “சரி,” என்றார். சோற்றுத் தூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

போர்மேனிடமும் நானே சொன்னேன். “ஏன்யா மொதல்லியே சொல்லல?” என்று கத்தினார்.

“சொல்லியிருந்தா வேல குடுத்திருப்பீங்களா சார்?”

அவர் என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. பின்கட்டில் பழைய இரும்பு பிரிக்கிற இடத்தில் போட்டார். கேட்டுக்கு ஒரு புது ஆள் வந்தான். ஒன்பது வருடம் நான் அந்தப் பழைய இரும்புக்குள்ளேயே இருந்தேன். பாய் சம்மட்டி அடித்துக்கொண்டுதான் இருந்தார். எதிரில் வந்தால் தலையசைப்பார். நானும் அசைப்பேன். என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை அவர் பேசியதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மன்னித்தேன் என்றும் சொன்னதில்லை.

குழந்தை பெண். பாட்டியிடம் வளர்ந்தது. நாலு வயதில் ஒரு பண்டிகைக்கு மறுநாள், புதுச்சட்டை போட்டுக்கொண்டு அப்பாவோடு பட்டறை கேட்டுக்கு வந்தது. பாய் உள்ளே எதையோ எடுத்து வரப் போனார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அது என்னிடம் வந்து கழுத்தை நிமிர்த்தி மளமளவென்று பேச ஆரம்பித்தது. சட்டையைத் தொட்டுக் காட்டியது, கடல் பக்கம் கையைக் காட்டியது, சிரித்தது. சின்னக் குழந்தையின் உதட்டைப் படிக்க முடியாது, மழலை மாறாத வாய். குரலும் எனக்கு எட்டாத குரல். குனிந்து முகத்தருகே காதைக் கொண்டுபோனேன். ஒன்றும் விழவில்லை.

பாய் திரும்பி வந்தார். குழந்தை அவரிடமும் அதையே சொன்னது என்று நினைக்கிறேன். அவர் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லத் தலையாட்டினார். குழந்தைக்கு அது போதவில்லை. மறுபடியும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னது. அவர் அதைத் தூக்கி சைக்கிள் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைப் பக்கம் போனார். போகும்போதும் அது பேசிக்கொண்டே போனது.